பூவா தலையா?



தாயகத்தை விட்டு வந்து டில்லியில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அரசாங்க அறிக்கைகளைத் தமிழில் பெயர்த்தெழுதுவது என் உத்தியோகம். சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பவன் எந்தப் பொருளைப் பற்றிப் பேசப் புகுந்தாலும் முதலில் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான், பொறுத்தருள வேண்டும். கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன் இரு காப்டன்களும் மைதானத்தின் நடுவே நின்று நாணயத்தைச் சுண்டுகிறார்களே, அந்த 'டாஸ்' பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். ஆங்கிலேயர் அப்போது 'தலையா, வாலா' என்று கேட்கிறார்கள். இங்கே வடக்கே தெருவில் ஆடும் பிள்ளைகள் 'சித்தா, பட்டா' என்கிறார்கள். நிமிர்ந்து விழுமா, குப்புற விழுமா என்பது அதன் கருத்து. நாமோ 'பூவா, தலையா' என்கிறோம். பழைய ரூபாயில் ஒருபுறம் அரசியின் தலையும் மறுபுறம் பூவேலைப்பாடும் இருந்தன. இன்றைய ரூபாயில் அசோகச் சிங்கங்கள் ஒருபுறம், மதிப்பைக் காட்டும் எண் மறுபுறம். தலையும் போயிற்று, பூவும் போயிற்று. சொல் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்தப் பூவும் தலையும் ஒரு காப்டனுடைய சொந்த ஆட்டத்தை, அதாவது அவர் எடுக்கும் ரன்களையும் வீழ்த்தும் விக்கெட்டுகளையும், பாதிக்குமா? அணியின் வெற்றி தோல்வியைப் பற்றி நான் கேட்கவில்லை. அது வேறு கேள்வி. காப்டன் என்ற தனி மனிதரின் கையிலுள்ள மட்டை, நாணயம் எப்படி விழுந்தது என்பதை அறியுமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. நாங்கள் வசித்த குடியிருப்பில் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடும் ஓர் அணி இருந்தது. பெரும்பாலும் தமிழர், இரண்டு மலையாளிகளும் ஒரு வங்காளியும் உண்டு. மட்டை பிடிக்கத் தெரியாத எனக்கு ஸ்கோர் புத்தகம் எழுதும் பணியைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் காப்டன் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த நண்பர், என்னைவிடச் சில வயது இளையவர், நிதானமாக ஆடுபவர். ஒரு குளிர்காலத்தில் அவர் அடுத்தடுத்து எட்டு ஞாயிறுகளில் டாஸில் தோற்றார். டில்லியின் குளிர்கால மைதானம் எப்படியிருக்கும் என்பது இங்கு வாழும் நேயர்களுக்குத் தெரியும். காலையில் பனி படர்ந்த புல்லில் பந்து எழும்பித் திரும்பும். பிற்பகலில் வெயில் ஏறியபின் மட்டைக்கு இதமாக வரும். ஆகவே டாஸில் தோற்றால் எதிரணி நம்மைக் காலையில் ஆடச் சொல்லிவிடும். எட்டாவது வாரம் முடிந்ததும் 'ராசியில்லாதவர்' என்ற சொல் புறப்பட்டது. அணியின் செயலாளரான இளைஞர் என்னிடம் வந்து, "சார், புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது? டாஸில் தோற்கிற நாளெல்லாம் அவர் மட்டையும் தோற்கிறது. கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

கூட்டிப் பார்த்தேன். அதன் விடையைப் பிறகு சொல்கிறேன். கூட்டத் தொடங்கியபின் எங்கள் குடியிருப்பின் சிறு புத்தகம் போதவில்லை. உலகின் பெரிய புத்தகங்களையும் புரட்ட வேண்டியதாயிற்று.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆட்டம் தொடங்குவதற்கு 30 நிமிடங்களுக்கு முன்னதாகவும் கூடாது, 15 நிமிடங்களுக்குப் பின்னதாகவும் கூடாது. அந்த இடைவேளைக்குள் ஆட்டத் திடலிலேயே, நடுவர் முன்னிலையில் நாணயம் சுண்டப்பட வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் வீட்டுக்காரக் காப்டன் சுண்டுவார், விருந்தாளி சொல்வார். வென்றவர் முதலில் ஆடுவதா, பந்து வீசுவதா என்று தேர்ந்தெடுப்பார். நாணயம் கொடுப்பது இந்தத் தேர்வுரிமை ஒன்றைத்தான். ரன்னையோ விக்கெட்டையோ அது யாருக்கும் கொடுப்பதில்லை.

டாஸ் ஒரு காப்டனைத் தூக்கிவிடும் என்று வாதிட விரும்புவோர் 1905-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் பந்தயங்கள் நடைபெற்றன. இங்கிலாந்துக்கு ஸ்டான்லி ஜாக்ஸன் காப்டன். ஆஸ்திரேலியாவுக்கு ஜோ டார்லிங். இருவரும் ஒரே நாளில், 1870 நவம்பர் 21-இல் பிறந்தவர்கள். பிறந்த நாளை வைத்து ராசி பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஐந்து டாஸ்களையும் ஜாக்ஸனே வென்றார். வென்றதோடு நிற்கவில்லை. 492 ரன்கள் எடுத்தார், சராசரி 70.28. 13 விக்கெட்டுகள் வீழ்த்தினார், ஒவ்வொன்றும் 15.46 ரன் வீதம். மட்டையாட்டச் சராசரியிலும் பந்துவீச்சுச் சராசரியிலும் இரு நாட்டு வீரர்களுக்கும் அவரே முதல்வர். இங்கிலாந்து இரண்டு பந்தயங்களை வென்றது; மூன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தன. அதே ஆண்டு ஸ்கார்பரோவில் நடந்த விழா ஆட்டத்தில், 'இனி நாணயம் வேண்டாம், மற்போர் செய்து பார்த்துவிடுவோம்' என்று டார்லிங் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றதாக ஒரு கதை சொல்வதுண்டு. ஜாக்ஸன் மற்போருக்கு இசையவில்லை. நாணயம் மறுபடியும் அவருக்கே விழுந்ததாம்.

இந்த ஜாக்ஸனை வங்காளத்தில் வாழும் நேயர்கள் வேறொரு வகையில் அறிந்திருப்பார்கள். 1927 முதல் 1932 வரை வங்காள மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் அவர்தான். 1932 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ் என்ற மாணவி அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். குண்டுகள் குறி தவறின. அதிர்ஷ்டக்காரர் என்று அவரைச் சொன்னவர்கள் அன்றைக்கு மறுபடியும் சொல்லியிருப்பார்கள்.

ஜாக்ஸனின் கதையை இத்தோடு நிறுத்திவிட்டால் செயலாளர் சொன்னது சரியாகிவிடும். ஆனால் 120 ஆண்டுகள் கழித்து, 2025-இல், அதே இங்கிலாந்தில் நம் இந்திய அணி ஐந்து டெஸ்ட் ஆடிற்று. காப்டன் சுப்மன் கில். டெஸ்ட் காப்டனாக அவருக்கு அதுவே முதல் தொடர். ஐந்து டாஸ்களிலும் அவர் தோற்றார். ஒன்றுகூட அவர் பக்கம் விழவில்லை. அவர் எடுத்த ரன்கள் எத்தனை தெரியுமா? 754. சராசரி 75.40. லீட்ஸில் 147. பர்மிங்ஹாமில் ஒரே பந்தயத்தில் 269-உம் 161-உம். மான்செஸ்டரில் தோல்வியின் விளிம்பில் நின்ற அணியைக் காத்த 103. 1978–79-இல் சுனில் கவாஸ்கர் காப்டனாக எடுத்த 732 ரன்களே அதுவரை ஒரு தொடரில் இந்தியக் காப்டன் ஒருவர் எடுத்த மிகுதியான ரன்களாக இருந்தன. டாஸே வெல்லாத காப்டன் அதைத் தாண்டினார். எல்லாம் வென்ற ஜாக்ஸனின் சராசரி 70. எல்லாம் தோற்ற கில்லின் சராசரி 75. காலமும் ஆடுகளமும் வேறு. நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட முடியாதுதான். ஆனால் டாஸில் தோற்றால் மட்டை தோற்கும் என்ற விதி உண்மையில் இருந்திருந்தால், கில் இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டும் அல்லவா?

இன்னும் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். லீட்ஸிலும் பர்மிங்ஹாமிலும் டாஸை வென்ற இங்கிலாந்து காப்டன் பென் ஸ்டோக்ஸ், தாம் பந்து வீசுவதாகச் சொல்லி இந்தியாவை முதலில் ஆட விட்டார். 147-உம் 269-உம் அப்படி எதிராளியே எடுத்துக் கொடுத்த முதல் இன்னிங்ஸில் எடுத்தவை. டாஸில் தோற்பது வேறு, விரும்பியது கிடைக்காமற்போவது வேறு. 2023 நவம்பர் 19-இல் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலியக் காப்டன் பாட் கம்மின்ஸ் டாஸை வென்று இந்தியாவை ஆடச் சொன்னார். தோற்ற ரோஹித் சர்மாவோ, தாம் வென்றிருந்தாலும் முதலில் ஆடவே எண்ணியிருந்ததாக அங்கேயே கூறினார். நாணயம் எப்படி விழுந்திருந்தாலும் அவர் மட்டையோடு இறங்கியிருப்பார். அதே 31 பந்துகளில் அதே 47 ரன்களை எடுத்திருக்கவும் கூடும்.

தோற்ற டாஸ்களில் எழும்பி நின்ற காப்டன்களுள் மற்றொருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1938-இல் ஆஸ்திரேலிய அணியை அழைத்துக்கொண்டு டொனால்டு பிராட்மன் இங்கிலாந்து வந்தார். மான்செஸ்டர் டெஸ்ட் மழையால் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. மற்ற நான்கிலும் டாஸை வென்றவர் இங்கிலாந்து காப்டன் வாலி ஹாமண்ட். பிராட்மன் முதல் மூன்று டெஸ்டுகளில் எடுத்த ரன்கள்: 51, ஆட்டமிழக்காமல் 144, 18, ஆட்டமிழக்காமல் 102, 103, 16. மூன்று பந்தயங்களிலும் மூன்று சதங்கள், சராசரி 108.50. ஆடுகளங்களை மழைக்கு மூடாமல் விட்ட காலம் அது. டாஸுக்கு இன்றைவிட அன்று மதிப்பு அதிகம். அப்படியிருந்தும் நாணயம் அவர் மட்டையை ஒன்றும் செய்யவில்லை.

எனினும் நான்காவது டாஸ் அவரை உண்மையிலேயே வீழ்த்திற்று. அதை மறைப்பது நேர்மையாகாது. ஓவல் மைதானத்தில் ஹாமண்ட் வென்று முதலில் ஆடினார். இங்கிலாந்து ஆடிற்று, ஆடிற்று, மூன்றாம் நாளிலும் ஆடிற்று. லென் ஹட்டன் 364 ரன்கள் எடுத்தார். 7 விக்கெட்டுக்கு 903 என்ற நிலையில்தான் ஹாமண்ட் இன்னிங்ஸை முடித்துக்கொண்டார். தம் பந்துவீச்சாளர்கள் களைத்துப்போகவே, பந்துவீச்சைத் தொழிலாகக் கொள்ளாத பிராட்மன் தாமே பந்தெடுத்தார். வீச்சாளர்களின் காலடிகளால் பள்ளமாகியிருந்த இடத்தில் இடறிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். அந்தப் பந்தயத்தில் அவர் மட்டையே பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியா ஓர் இன்னிங்ஸும் 579 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றது. டாஸ் மாறி விழுந்திருந்தால் அந்தக் கால் முறிந்திராது என்று வாதிக்கலாம். ஆகவே நாணயத்துக்கும் காப்டனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். அதிகக் களைப்பு, தேய்ந்த ஆடுகளத்தில் நான்காவது இன்னிங்ஸ், மாலைப் பனியில் வழுக்கும் பந்து ஆகிய இவற்றின் வழியே தொடர்பு வருகிறது. ஆனால் இவை காப்டனுக்கென்று தனியே வருவனவல்ல. அணியின் பதினொருவருக்கும் ஒரே அளவில் வருகின்றன.

மாலைப் பனிக்கு ஒரு சான்று. 2021 அக்டோபர் 24-இல் துபாயில், இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பாபர் ஆஸம் டாஸை வென்று பந்து வீசத் தீர்மானித்தார். பாகிஸ்தான் விக்கெட் இழப்பின்றி வென்றது. டாஸில் வென்ற பாபர் ஆட்டமிழக்காமல் 68. டாஸில் தோற்ற விராட் கோலி 57. அணிகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. காப்டன்கள் இருவருமோ அரைச் சதம் கடந்தார்கள். இந்திய அணியில் அன்று கோலியைவிட அதிகம் எடுத்தவர் யாருமில்லை.

சான்றுகளை இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். எதிர்ச் சான்றுகளையும் வேண்டியவர் அடுக்கலாம். பொறுக்கி எடுத்த சான்றுகளால் எதையும் நிறுவ முடியும் என்பது அலுவலகக் கோப்புகளோடு பழகிய எவருக்கும் தெரிந்ததே. முறையாகப் பார்ப்பதென்றால் என்ன செய்ய வேண்டும்? ஒரு காப்டன் டாஸில் வென்ற பந்தயங்களின் ரன்களை ஒரு பக்கமும், தோற்ற பந்தயங்களின் ரன்களை மறுபக்கமும் எழுதிக் கூட்ட வேண்டும். இங்கே நாணயம் ஆராய்ச்சியாளனுக்குப் பேருதவி செய்கிறது. சொந்த மண்ணில் ஆடியது, அயல் மண்ணில் ஆடியது என்று பிரித்தால் ஆடுகளம், பழக்கம், பயணக் களைப்பு எல்லாம் சேர்ந்து குழப்பும். நாணயமோ வலிய எதிரி, எளிய எதிரி, நல்ல ஆடுகளம், கெட்ட ஆடுகளம் எதையும் பாராமல் இருபக்கமும் பிரித்துப் போடுகிறது. உலகில் இவ்வளவு நேர்மையாகப் பங்கு பிரிக்கும் பொருள்கள் மிகக் குறைவு. சுண்டுமுன் மேலே இருந்த பக்கமே மறுபடியும் மேலே விழுவதற்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு உண்டென்பதை, 350,757 முறை சுண்டிப் பார்த்து அறிஞர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். அந்தக் கூடுதலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பலர் 'டாஸை வென்று முதலில் ஆடிய பந்தயங்கள்' என்று எடுத்துக்கொண்டு, அவற்றில் காப்டனின் சராசரி உயர்ந்திருப்பதைக் காட்டுகிறார்கள். டாஸை வென்றது தற்செயல். முதலில் ஆடத் தீர்மானித்தது தற்செயலன்று. ஆடுகளம் மட்டைக்கு ஏற்றது என்று கண்டதால்தான் அவர் ஆடத் தீர்மானித்தார். ஆகவே அங்கே ரன் கூடியிருந்தால் அது ஆடுகளத்தின் பெருமையேயன்றி நாணயத்தின் பெருமையன்று.

சரி, முறையாகவே பிரித்துக் கூட்டுகிறோம். விடை கிடைக்குமா? மட்டையாட்டக்காரரின் ரன்கள் மாதச் சம்பளம் போல் சீராக வருவனவல்ல. இன்று 0, நாளை 112, மறுநாள் 17. ஒருவருடைய சராசரி 45 என்றால், அவர் ரன்களின் ஏற்றத்தாழ்வும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். வென்ற பக்கம் ஐம்பது இன்னிங்ஸ், தோற்ற பக்கம் ஐம்பது இன்னிங்ஸ் என்று வைத்துக்கொண்டால், டாஸினால் யாதொரு பயனும் இல்லாதபோதும் இரு பக்கச் சராசரிகளுக்குமிடையே ஒன்பது பத்து ரன் வேறுபாடு தானாகவே தோன்றிவிடும். அதைக் கண்டு, 'பார்த்தீர்களா, டாஸில் வென்றால் 50, தோற்றால் 40' என்று நாம் வியந்து போவோம். காப்டனாக நூறு இன்னிங்ஸ் ஆடக் கிடைப்பவர்களே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித் 109 டெஸ்டுகளில் காப்டனாக இருந்தார். அதற்குமேல் எவரும் இருந்ததில்லை. அவ்வளவு நீண்ட கணக்கிலும் பத்து ரன் வேறுபாட்டை நம்பத் தயங்க வேண்டுமென்றால், ஒரு தொடரின் ஐந்து பந்தயங்களை வைத்து என்ன சொல்ல முடியும்?

ஐந்தும் ஒரே பக்கம் விழுவதிலும் அதிசயம் ஒன்றுமில்லை. ஐந்து டாஸ்களையும் இருவரில் யாரேனும் ஒருவரே வெல்வதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ஐந்து டெஸ்ட் தொடர்கள் நடந்திருக்கும் உலகில் ஜாக்ஸனும் கில்லும் தோன்றியே தீர வேண்டும். லாலா அமர்நாத் 1948–49-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஐந்தையும் தோற்றார். 1963–64-இல் பட்டோடி இங்கிலாந்துக்கு எதிராக ஐந்தையும் வென்றார். ஐந்து பந்தயங்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன! டில்லி டெஸ்டில் அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 203 ரன்கள் அத்தொடரின் புகழ்மிக்க ஆட்டம். அதை அவர் எடுத்தது டாஸின் பயன் தீர்ந்துபோன இரண்டாவது இன்னிங்ஸில். கடைசிப் பந்தயமான கான்பூரில், ஐந்தாவது முறையாக டாஸை வென்றபின், அவர் எதிரணியை ஆடச் சொன்னார். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 559 ரன்கள் குவித்தது. வென்ற டாஸ் கையில் சுட்ட கதையும் உண்டென்பதற்கு அதுவே சான்று.

அணியின் வெற்றியைப் பொறுத்தவரை, 1990-களின் ஒருநாள் பந்தயங்களை ஆராய்ந்த டி சில்வா, ஸ்வார்ட்ஸ் என்ற இரு புள்ளியியலார், டாஸ் வெல்வதால் தனி ஆதாயம் ஏதுமில்லை, சொந்த மண்ணில் ஆடுவதால்தான் உண்டு என்று கண்டார்கள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் குழு 2018-இல், டெஸ்டில் டாஸையே நீக்கிவிடலாமா என்று ஆலோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டது.

இதுவரை நாணயத்தைப் பற்றிச் சொன்னேன். மனிதனைப் பற்றிச் சொல்லவில்லை. என் எண்ணத்தில் டாஸில் தோற்ற காப்டனைவிட வென்ற காப்டனுக்கே சுமை அதிகம். தோற்றவரை யாரும் விசாரிப்பதில்லை. நாணயத்தை யார் விசாரிப்பது? வென்றவரோ ஒரு தீர்மானம் செய்கிறார். அந்தத் தீர்மானம் ஆயுள் முழுவதும் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 2002 நவம்பரில் பிரிஸ்பேனில் நாசர் ஹுசைன் டாஸை வென்று ஆஸ்திரேலியாவை ஆடவிட்டார். அன்று மாலை அவர்கள் 2 விக்கெட்டுக்கு 364. அவருடைய பெயரைச் சொன்னதும் இன்றும் அந்தத் தீர்மானத்தைச் சொல்பவர் உண்டு. 2005 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில், காலைப் பயிற்சியின்போது பந்தை மிதித்து மக்ராத் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். தலைசிறந்த வீச்சாளர் இல்லாமற்போன பின்னும் ரிக்கி பாண்டிங் டாஸை வென்று பந்து வீசவே தீர்மானித்தார். இங்கிலாந்து ஒரே நாளில் 407 எடுத்தது; ஆஸ்திரேலியா இறுதியில் இரண்டே ரன்னில் தோற்றது. அந்தச் சுமையோடு பாண்டிங் எடுத்தது முதலில் 61, பிறகு 0. அந்த 61 சுமையை மீறியதா, அந்த 0 சுமையால் வந்ததா? யாரால் சொல்ல முடியும்! அந்த 0 பிளிண்டாபின் ஒரு மகத்தான ஓவரில் வந்தது என்று மட்டும் நான் சொல்வேன்.

மாறாக, ரோஹித் சர்மா 2023 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை ஒருநாள் பந்தயங்களில் காப்டனாக அடுத்தடுத்துப் பன்னிரண்டு டாஸ்களில் தோற்றார். பிரையன் லாராவின் பழைய கணக்குக்குச் சமம். அப்படி நேர்வதற்கு 4,096-இல் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டாவது தோல்வி, துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் பந்தயத்தில். அன்று அவர் 76 ரன்கள் எடுத்தார், ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே, கோப்பையும் இந்தியாவுக்கே. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா ஒரு டாஸ்கூட வெல்லவில்லை. ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை.

இனி எங்கள் குடியிருப்புக்குத் திரும்புகிறேன். என் ஸ்கோர் புத்தகத்தின்படி, நண்பர் டாஸில் தோற்ற நாள்களின் சராசரி, வென்ற நாள்களின் சராசரியைவிட ஓரிரு ரன் கூடவே இருந்தது. செயலாளரிடம் காட்டினேன். இந்த ஓரிரு ரன்னையும் நம்பக்கூடாது என்று, மேலே சொன்ன கணக்கையும் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அணியினர் கூடித் தீர்மானித்தார்கள். நண்பரே காப்டனாக இருக்கட்டும், ஆனால் டாஸுக்குத் துணைக் காப்டன் போகட்டும் என்று.

அடுத்த ஞாயிறு துணைக் காப்டன் போனார், வென்றுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் காப்டன் எல்லைக்கோட்டருகே தம் காலுறைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்; அவரும் கைதட்டினார். தொடர்ந்த ஐந்து ஞாயிறுகளில் அவர் இரட்டை இலக்கத்தைத் தொட்டது ஒரே ஒருமுறை. ஐந்து ஆட்டம் எதையும் நிறுவாது என்று சற்று முன்புதான் உங்களிடம் சொன்னேன். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒருநாள் ஆட்டம் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகையில் அவர் சொன்னார்: "அண்ணா, டாஸில் தோற்றபோதெல்லாம் எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. இன்னொருவரை அனுப்புகிறார்களே, அதன்பிறகு மட்டையைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது." நான் பேசாமல் நடந்தேன். என் புத்தகத்தில் ரன்னுக்குக் கட்டம் உண்டு, விக்கெட்டுக்குக் கட்டம் உண்டு. இதை எழுதிக்கொள்ளக் கட்டம் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், ராஞ்சியில் நடந்த டெஸ்ட் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிய மண்ணில் தொடர்ந்து டாஸ்களில் தோற்றுவந்த தென்னாப்பிரிக்கக் காப்டன் டு பிளெஸ்ஸி, தமக்காகப் பூவோ தலையோ சொல்ல டெம்பா பவுமாவைக் கூடவே அழைத்து வந்தார். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். தாமாகவே செய்த ஏற்பாடு, அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பவுமாவும் தோற்றார். கோலி முதலில் ஆடினார். டு பிளெஸ்ஸி இரண்டு இன்னிங்ஸிலும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. முந்தைய டெஸ்டில், புனேயில், டாஸில் தாமே போய்த் தோற்றுவிட்டு வந்து 64 ரன்கள் எடுத்தவர் அவர்.

எங்கள் நண்பருக்கு அந்தக் குளிர்காலம் முடியுமுன்பே நாகபுரிக்கு மாற்றல் ஆணை வந்தது. டில்லியிலிருந்து யாரை எங்கே அனுப்புவது என்று மேலிடத்தில் எதைச் சுண்டிப் பார்த்தார்களோ, நான் அறியேன். அங்கே தமிழர்களும் மராத்தியர்களும் சேர்ந்து ஆடும் அணியொன்றில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே காப்டனும் ஆகிவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் கடிதம் எழுதுகிறார். அவ்வாண்டு எடுத்த ரன்களைத் தேதிவாரியாகக் குறித்து அனுப்புகிறார்; நானும் பழைய புத்தகத்தின் பின்பக்கத்தில் அவற்றை ஏற்றிக்கொள்கிறேன். எந்தெந்த நாளில் டாஸை வென்றார், எந்தெந்த நாளில் தோற்றார் என்பதை அவர் எழுதுவதில்லை. நானும் கேட்டதில்லை.